ரிட்டையர் ஆனவர்களுக்கு ஒரு பழப் பலகாரம்

நான் அரசு வேலையிலிருந்து ஓய்வு பெற்று வருடங்கள் பல ஆகிவிட்டன. மாலை போட்டார்கள், சால்வை போர்த்தினார்கள், வீடு வரை ஜீப்பில் கொண்டுவந்து விட்டார்கள். மறுநாள் காலை ஐந்து மணிக்கு எங்கள் வீட்டு அம்மணி வழக்கம்போல் எழுந்து காபி போட்டாள். அவளுக்கு யாரும் மாலை போடவில்லை. அவள் ரிட்டையர் ஆகவில்லை அல்லவா?

இதை நான் அன்றைக்கு யோசிக்கவில்லை. யோசிக்க ஏழு வருடம் ஆனது. அந்தக் கதையையும், அதிலிருந்து எனக்கு ஏற்பட்ட ஓர் அபிப்பிராயத்தையும் இங்கே எழுதுகிறேன். அபிப்பிராயம் இதுதான்: ரிட்டையர் ஆன ஒவ்வொரு ஆணும் அடுப்படியில் ஒரு பண்டமாவது முழுதாகச் செய்யப் பழக வேண்டும். செய்த பாத்திரத்தைக் கழுவவும் பழக வேண்டும். தொடங்குவதற்கு நான் சிபாரிசு செய்வது ரசமோ சாம்பாரோ அல்ல. பழத்தைப் போட்டுச் சுட்டு எடுக்கும் "காப்ளர்" என்ற பலகாரம்.

காப்ளர் என்றால் செருப்புத் தைப்பவர் அல்லவா என்று கேட்பீர்கள். நானும் அப்படித்தான் கேட்டேன். இந்தப் பெயர் எப்படி வந்தது என்பதில் அமெரிக்கர்களுக்கே ஒருமித்த கருத்து இல்லை. மேலே உப்பி நிற்கும் மாவு, கூழாங்கல் பாவிய பழைய தெருவைப் போல இருப்பதால் வந்தது என்பது ஒரு விளக்கம். இங்கிலாந்திலிருந்து அமெரிக்காவுக்குக் குடியேறியவர்களுக்கு, ஊரில் செய்த புட்டிங் வகைகளைச் செய்யச் சாமானும் இல்லை, சரியான அடுப்பும் இல்லை. இரும்புச் சட்டியில் பழத்தைப் போட்டு, மேலே மாவைப் போட்டு மூடி, தணலில் வைத்தார்கள். மூடிக்கு மேலும் கொஞ்சம் தணலை அள்ளிப் போட்டார்கள். நம் ஊரில் பிரியாணிக்குத் தம் போடுகிறார்களே, அதே வேலைதான்.

நான் இதை முதலில் சாப்பிட்டது 2016-ல், அட்லாண்டாவில் மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது. அட்லாண்டா இருக்கும் ஜார்ஜியாவுக்கு "பீச் மாநிலம்" என்று பெயர். கார் நம்பர் பிளேட்டில்கூடப் பீச் பழப் படம் இருக்கும். அங்கே ஃபோர்ட் வேலி என்ற சிற்றூரில் பீச் திருவிழா நடக்கும்போது, பிரம்மாண்டமான ஒரு காப்ளரைச் சுட்டு வந்தவர்களுக்கெல்லாம் கொடுப்பார்களாம். நம் ஊர் அன்னதானம் போல என்று நினைத்துக்கொண்டேன்.

மகளின் பக்கத்து வீட்டில் எண்பது வயதுப் பெரியவர் ஒருவர் தனியாக இருந்தார். நாங்கள் போய் நான்காம் நாளே ஒரு கண்ணாடிப் பாத்திரத்தைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு வந்தார். பீச் காப்ளர். சூடாக இருந்தது. "உங்கள் மகள் செய்தாரா?" என்று விசாரித்தேன். "இல்லை, நான்தான்" என்றார். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் பெருமையும் இல்லை, கூச்சமும் இல்லை. கதவைப் பூட்டியது நான்தான் என்று சொல்வதுபோலச் சொன்னார்.

அன்று அம்மணி என்னைப் பார்த்த பார்வையை நான் கவனிக்காததுபோல் இருந்துவிட்டேன்.

இரண்டு வருடம் கழித்து, 2018 மே மாதம், அவள் குளியலறையில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டை முறித்துக்கொண்டாள். மாவுக்கட்டுப் போட்டார்கள். ஆறு வாரம் அந்தக் கையால் ஒரு கரண்டிகூடத் தூக்கக் கூடாது என்றார் டாக்டர். மகன் பெங்களூரில், மகள் அமெரிக்காவில். வீட்டில் நாங்கள் இரண்டே பேர்.

மூன்று வேளையும் ஓட்டலிலிருந்து கேரியரில் சாப்பாடு வந்தது. அதைப் பெரிய ஏற்பாடாக நினைத்துக்கொண்டு பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். மூன்றாம் நாள் காலை ஐந்தேகாலுக்கு அடுப்படியில் சத்தம். போய்ப் பார்த்தால், இடது கையால் பால் போசியை இறக்கப் போய், பால் முழுக்க அடுப்பில் கொட்டிக் கிடக்கிறது. அவள் இடது கையாலேயே துடைத்துக்கொண்டிருக்கிறாள். நான் காபிக்காகக் காத்திருப்பேன் என்று எழுந்து வந்திருக்கிறாள்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "கொஞ்சம் பார்த்துச் செய்யக் கூடாதா?"

எழுபதை நெருங்கிய மனிதன் சொன்ன வார்த்தை இது. அவள் பதில் பேசவில்லை. மறுபடி பால் காய்ச்சலாம் என்று நானே முனைந்தபோது, காபித்தூள் எந்த டப்பாவில் இருக்கிறது என்று தெரியவில்லை. சர்க்கரை எது, உப்பு எது என்று நக்கிப் பார்க்க வேண்டியிருந்தது. நாற்பத்தோரு வருடம் குடித்தனம் நடத்திய வீட்டில், ஒறம்பரையாக வந்தவனைப்போல நின்றுகொண்டிருந்தேன்.

அந்த வாரம்தான் துடியலூர்ப் பக்கம் மேட்டுப்பாளையம் ரோட்டில் தள்ளுவண்டிக்காரரிடம் ஒரு கிலோ பிளம்ஸ் வாங்கியிருந்தேன். கோத்தகிரிப் பழம் என்றார். பார்க்க அழகு. கடித்தால் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும், அவ்வளவு புளிப்பு. இரண்டு நாளில் பாதி கனிந்து தொளதொளவென்று ஆகிவிட்டது. தூக்கிப் போடலாம் என்றிருந்தபோது மகள் வீடியோவில் வந்தாள். "அப்பா, தூக்கிப் போடாதீங்க. பக்கத்து வீட்டுத் தாத்தா செஞ்ச காப்ளர் ஞாபகம் இருக்கா? அதுக்குப் புளிப்புப் பழம்தான் நல்லது. நான் சொல்லச் சொல்ல நீங்க செய்யுங்க" என்றாள்.

செய்தேன். முதல் தடவை என்ன ஆனது என்பதைச் சொல்லாமல் விட்டால் நீங்களும் அதே தவற்றைச் செய்வீர்கள். அவள் பேக்கிங் பவுடர் என்றாள். வீட்டில் இருந்தது ஆப்ப சோடா. இரண்டும் வெள்ளைப் பொடிதானே என்று இரண்டு ஸ்பூன் சோடாவைப் போட்டேன். வெந்து வந்ததைப் பார்த்தால், பழத்தைச் சுற்றி மாவு நீலமும் சாம்பலும் கலந்த ஒரு நிறத்தில் இருக்கிறது. வாயில் வைத்தால் சோப்பு. அம்மணி எட்டிப் பார்த்துவிட்டு, "ஏனுங்க, பலகாரத்துக்குச் சொட்டு நீலம் போட்டீங்களா?" என்றாள். கட்டுப்போட்ட கையோடு அவள் சிரித்தது அன்றைக்குத்தான்.

காரணத்தைப் பிறகு தெரிந்துகொண்டேன். பிளம்ஸ் தோலில் இருக்கும் சிவப்புச் சாயம், புளிப்பு இருக்கும்வரை சிவப்பாக இருக்கும். காரம் கூடினால் நீலத்துக்கு மாறும். பள்ளிக்கூடத்தில் பார்த்த லிட்மஸ் காகிதம் போல. ஆப்ப சோடா வெறும் காரம். பேக்கிங் பவுடரில் அந்தச் சோடாவோடு அதைச் சமன் செய்யும் அமிலமும் சேர்ந்தே இருக்கிறது. ஒன்றுக்குப் பதில் மற்றொன்றை அப்படியே போடக் கூடாது.

இனி சரியான முறை. அளவெல்லாம் ஒரு சாதாரண டீ டம்ளரை வைத்துக்கொள்ளுங்கள்.

அரை கிலோ பிளம்ஸைக் கழுவி, கொட்டையை எடுத்து, துண்டு போட்டு, இரண்டு மேஜைக்கரண்டி நாட்டுச் சர்க்கரை தூவி அரை மணி நேரம் வையுங்கள். சாறு விடும். கண்ணாடிப் பாத்திரம் அல்லது எவர்சில்வர்ப் பாத்திரத்தில் 75 கிராம் வெண்ணெயை உருக்கிக்கொள்ளுங்கள். அலுமினியம் வேண்டாம்; புளிப்புப் பழம் அதை அரித்து ஓர் உலோக வாடை வரும். வேறொரு பாத்திரத்தில் ஒரு டம்ளர் மாவு, முக்கால் டம்ளர் நாட்டுச் சர்க்கரை, இரண்டு டீஸ்பூன் பேக்கிங் பவுடர், ஒரு சிட்டிகை உப்பு, ஒரு டம்ளர் காய்ச்சி ஆறிய பால். கட்டியில்லாமல் கரைத்தால் தோசைமாவைவிடக் கொஞ்சம் இளக்கமாக இருக்கும். மைதாவுக்குப் பதில் பாதி கோதுமை மாவு போட்டாலும் வரும், கொஞ்சம் கனமாக இருக்கும்.

இந்த மாவை உருகிய வெண்ணெய்மேல் ஊற்றுங்கள். அதன்மேல் பழத்தைச் சாறோடு பரப்புங்கள். இதற்குப் பிறகு கிளறக் கூடாது. நம்மைப் போன்றவர்களுக்குக் கரண்டி கையில் கிடைத்தால் கிளறத் தோன்றும். கரண்டியை எட்ட வைத்துவிடுங்கள். 180 டிகிரி சூட்டில் நாற்பது, நாற்பத்தைந்து நிமிடம். கீழே இருந்த மாவு பழத்தைத் தள்ளிக்கொண்டு மேலே வந்து பொன்னிறமாகும். தென்னங்குச்சியை மாவுப் பகுதியில் குத்தினால் ஒட்டாமல் வர வேண்டும்.

அவன் இல்லையா? கனமான பெரிய பாத்திரத்தில் இரண்டு அங்குலத்துக்கு உப்புக்கல்லோ மணலோ பரப்பி, அதன்மேல் ஒரு ஸ்டாண்டை வைத்து, மூடி போட்டுப் பத்து நிமிடம் காய விடுங்கள். பிறகு பாத்திரத்தை உள்ளே இறக்கி, மிதமான தீயில் ஒரு மணி நேரம் வையுங்கள். மேல்பக்கம் அவ்வளவாகச் சிவக்காது. ருசியில் குறைவிருக்காது.

சரி, ரசம் வைக்கக் கற்றுக்கொள்ளாமல் ஏன் இந்தச் சீமைப் பலகாரம்? எனக்கு மூன்று காரணங்கள் தோன்றுகின்றன.

முதல் காரணம், ஒப்பிட ஆள் இல்லை. நான் ரசம் வைத்தால் அது நாற்பது வருடம் பழகிய கையோடு போட்டி போட வேண்டும். முதல் நாளே தோற்றுவிட்டு மறுபடி பேப்பருக்கே போய்விடுவோம். காப்ளர் எப்படி இருக்க வேண்டும் என்று வீட்டில் யாருக்கும் தெரியாது.

இரண்டாவது, இதற்கு உருவம் கிடையாது. கேக் என்றால் நடுவில் குழி விழுந்தால் தோல்வி. முறுக்கு என்றால் சுற்று வர வேண்டும். இது ஒரு பக்கம் உப்பி, ஒரு பக்கம் பழச்சாறு வழிந்து, எப்படி வந்தாலும் சரிதான். கரண்டியால் அள்ளித்தானே போடப் போகிறோம்?

மூன்றாவது காரணம்தான் எனக்குப் பிடித்தது. பெயர் ஒன்றுதான் அமெரிக்கா, மற்றதெல்லாம் நம் பக்கத்துச் சாமான். வெண்ணெய்க்கு ஊத்துக்குளி. நாட்டுச் சர்க்கரைக்குக் கவுந்தப்பாடி; பழனி பஞ்சாமிர்தத்துக்கே அங்கிருந்துதான் வாங்குகிறார்கள். பழத்துக்கு நீலகிரி. அந்தப் பழமும் ஒருவகையில் கோயமுத்தூர்ச் சமாசாரம்தான். இங்கே கலெக்டராக இருந்த ஜான் சலிவன்தான் 1819-ல் மலையேறிப் போய், அங்கே சீமைக் காய்கறிகளையும் பழமரங்களையும் கொண்டுபோய் வைக்க ஆரம்பித்தவர். அப்போது நீலகிரி கோயமுத்தூர் ஜில்லாவில் இருந்தது. 1868-ல்தான் தனியாகப் பிரிந்தது. 1874-ல் உண்டான குன்னூர் சிம்ஸ் பூங்காவில் மே மாதம் பழக் கண்காட்சி வைக்கிறார்கள். நாம் பேத்தி பேரன்களோடு போய், பழத்தால் செய்த மயிலையும் யானையையும் போட்டோ எடுத்துக்கொண்டு வருகிறோம். அதே மலையின் பிளம்ஸை வண்டியில் பார்த்தால், "புளிக்கும்" என்று சொல்லிவிட்டு, கப்பலில் வந்த ஆப்பிளை வாங்கிப் போகிறோம். புளிக்கும் பழம் அடுப்பில் வைக்க வேண்டிய பழம். அதைப் பச்சையாகக் கடித்துவிட்டுக் குறை சொல்வது, புளியைக் கடித்துவிட்டுக் குறை சொல்வதுபோல.

பிளம்ஸும் பீச்சும் ஆடி மாதத்தோடு முடிந்துவிடும். பிறகு ஊட்டிப் பேரிக்காய் வரும். அது கல்லாட்டம் இருக்கும். துண்டு போட்டுக் கொஞ்சம் தண்ணீரில் பத்து நிமிடம் வேக வைத்துப் பிறகு போட வேண்டும். மாம்பழத்திலும் நேந்திரம்பழத்திலும் செய்யலாம், சர்க்கரையைப் பாதியாகக் குறைத்துக்கொண்டு. அன்னாசி என்றால் முதலில் தனியாக வேக வைத்துவிடுங்கள். பச்சை அன்னாசி பாலோடு சேர்ந்தால் கசந்துவிடும்.

இனி ஆட்சேபணைகள்.

"பழத்தைப் போய் வேக வைப்பாங்களா, சத்தெல்லாம் போயிருமே" என்பது ஒன்று. நல்ல பழமாக இருந்தால் அப்படியே சாப்பிடுங்கள், நான் தடுக்கவில்லை. குப்பைக்குப் போகிற பழத்தைத்தான் சொல்கிறேன். குப்பைக்குப் போனால் எல்லாச் சத்தும் போய்விடும்.

"சர்க்கரை வியாதிக்காரன் நான்" என்பது இரண்டாவது. நானும்தான். இதை ஆரோக்கிய உணவு என்று சொல்லி உங்களை ஏமாற்ற மாட்டேன். நாட்டுச் சர்க்கரை போட்டால் ரத்தத்தில் சர்க்கரை ஏறாது என்று நம்மில் பலர் சொல்லிக்கொண்டு திரிகிறோம். அது தவறு. அதுவும் சர்க்கரைதான், ஏறத்தான் செய்யும். செய்கிற அன்று மதியம் சாதத்தைக் குறைத்துக்கொண்டு இரண்டு ஸ்பூன் சாப்பிடுகிறேன். மீதி பக்கத்து வீடுகளுக்குப் போகும். உங்கள் அளவை உங்கள் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

"தெருவுக்கு நாலு பேக்கரி இருக்கு, வாங்கினா ஆச்சு" என்பது மூன்றாவது. உண்மைதான், கோயமுத்தூரில் பேக்கரிக்குப் பஞ்சமே இல்லை. நானும் வாங்குகிறேன். ஆனால் கேக் வாங்கி வந்த நாளில் நான் வேறெதுவும் கற்றுக்கொண்டதில்லை. காப்ளர் செய்த பிறகு அடுத்து காபி போட்டேன். அதற்கடுத்து அரிசிம்பருப்புச் சாதம். அந்த ஆறு வாரத்தின் கடைசியில் கேரியரை ஒரு வேளையாகக் குறைத்திருந்தோம்.

நான்காவதை என் வயது நண்பர்கள் நேரில் சொன்னார்கள்: "இந்த வயசுல கரண்டி புடிக்கோணுமாக்கு?" நம் பக்கம் கல்யாணத்துக்கு ஆயிரம் பேருக்கு அண்டாவில் கிண்டுகிறவர் யார்? ஆண்தானே? அவரை மாஸ்டர் என்று கூப்பிடுகிறோம், தாம்பூலத்தில் வைத்துப் பணம் கொடுக்கிறோம். கூலிக்குச் செய்தால் மரியாதை, வீட்டில் செய்தால் கேவலமா?

அதைக் கேட்ட நண்பர்களில் ஒருவர் இப்போது தனியாக இருக்கிறார். வீட்டம்மா போய் மூன்று வருடம் ஆகிறது. மெஸ்ஸில் சாப்பிடுகிறார். பணத்துக்குக் குறைவில்லை. போன மாதம் என்னிடம், "சோறு கெடைக்குதுங்க, ஆனா எனக்குப் பசிக்கற நேரத்துல கெடைக்கறதில்ல" என்றார். ராத்திரி பத்து மணிக்கு ஒரு டம்ளர் பால் காய்ச்சிக் குடிக்கக்கூட அவருக்குத் தைரியம் வரவில்லை. கேஸ் அடுப்பைப் பற்ற வைத்துப் பழக்கமில்லை. நாளைக்கு யார் முன்னால் போவோம், யார் பின்னால் போவோம் என்பது நம் கையில் இல்லை. அதனால்தான் இதை விளையாட்டாக எழுதவில்லை.

ஐந்தாவது ஆட்சேபணை அம்மணியுடையது. இதற்கு மட்டும் என்னிடம் பதில் இல்லை.

இரண்டாம் தடவை பேக்கிங் பவுடர் வாங்கி வந்து சரியாகச் செய்தேன். மேலே பொன்னிறம், நடுவில் பிளம்ஸ் சிவப்பாகக் கொப்புளித்துக்கொண்டிருந்தது. இடது கையில் ஸ்பூனைப் பிடித்துச் சாப்பிட்டாள். "நல்லாத்தானுங்க இருக்குது. இனிப்பு சித்தெ கம்மி பண்ணியிருக்கோணும்" என்றாள். எனக்கு உத்தியோக உயர்வு கிடைத்தது போல இருந்தது. பிறகு எழுந்து போய்த் தொட்டியைப் பார்த்தாள். "இதையெல்லாம் யாருங்க கழுவறது?"

எண்ணினேன். பதினொரு பாத்திரம். ஒரு பலகாரத்துக்குப் பதினொரு பாத்திரம்.

பண்டம் செய்வது சமையலில் பாதிகூட இல்லை என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. நாம் ஒருநாள் செய்துவிட்டுப் பத்துப் பேரிடம் சொல்லிக்கொள்கிறோம். அவள் செய்ததை நாற்பது வருடம் யாரிடமும் சொல்லவில்லை, பாத்திரத்தையும் கழுவினாள். அன்று அந்தப் பதினொன்றையும் நானே கழுவினேன். இப்போது ஐந்து பாத்திரத்தில் முடிக்கிறேன். கழுவுகிறவன் நான் என்பதால் குறைந்தது.

அவள் கை கூடிவிட்டது. ஆனால் கனமான போசியைத் தூக்கினால் இன்றும் வலிக்கும். காலைக் காபி இப்போது என் வேலை. அவள் ஆறரைக்கு எழுகிறாள். முதல் ஒரு மாதம் ஐந்து மணிக்கே விழித்துக்கொண்டு, சும்மா படுத்திருக்க முடியாமல் புரண்டுகொண்டிருந்தாள். பழக்கம் அப்படி. பிறகு தூங்கப் பழகிவிட்டாள்.

மே மாதம் வந்துவிட்டது. வண்டிக்காரர் முதல் கூடை பிளம்ஸ் இறக்கியிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை செய்வதாக இருக்கிறேன்.

என் வயதுக்காரர்களுக்கு ஒரே ஒரு கேள்வி. உங்கள் வீட்டில் பெருங்காயம் எந்த டப்பாவில் இருக்கிறது? அம்மணியைக் கேட்காமல் போய் எடுத்து வாருங்கள் பார்க்கலாம்.